‘சின்ன வயசு சார், விட்டுருங்க’

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் பெரிய பதவிக்கு வந்துவிட்ட அதிகாரி ஒருவர் பொது இடத்தில் யோசிக்காமல் எதையோ பேசிவிடுகிறார். யாரோ செல்போனில் பிடித்துப் போட்டுவிட, ஊரே திட்டுகிறது. ‘அந்த வயதில் நாமெல்லாம் பேசாததா? வயதைப் பார்த்து விட்டுவிடக் கூடாதா?’ என்பதுதான் கேள்வி.

வருவாய்த் துறையில் 33 வருஷம் இருந்தவன் நான். இளநிலை உதவியாளராக நுழைந்து துணை ஆட்சியராக ஓய்வு பெற்றேன். என் பிள்ளை வயதுள்ள சப்-கலெக்டர்கள் பலருக்குக் கீழே வேலை பார்த்திருக்கிறேன். ‘சின்ன வயசு சார், விட்டுருங்க’ என்ற வசனத்தை நானே சொல்லியும் இருக்கிறேன். அந்தக் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அப்போது நான் ஒரு தாலுகாவில் தாசில்தார். முதியோர் உதவித்தொகை மாதம் ஆயிரம் ரூபாயாக இருந்த காலம். குறைதீர் கூட்டம் தாலுகா ஆபீஸ் வளாகத்தில் சாமியானா போட்டு நடந்தது. சப்-கலெக்டர் வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நல்ல படிப்பு, நல்ல வேகம், லஞ்சம் என்ற பேச்சே கிடையாது. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவர் மதியம் இரண்டாகியும் எழுந்திருக்கவில்லை. வரிசையில் ஒரு பாட்டி வந்தார். கையில் மஞ்சப்பை. உள்ளே இதுவரை கொடுத்த மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள், மொத்தம் ஏழு. ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிச் சீட்டுகளுக்குப் போட்டிருந்தார் போல. அதைப் பிரித்து மேஜைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பினார்.

சப்-கலெக்டர் மனுவைப் பார்த்தார். “பாட்டி, உங்களுக்குத்தான் பேரன் இருக்கானே, அவன் சோறு போட மாட்டானா? வாரா வாரம் இங்க வந்து உக்காந்துக்கிறீங்க, வீட்ல பொழுது போகலையா?” என்றார். மைக் ஆன் ஆகியிருந்தது. சாமியானா முழுக்கச் சிரிப்பு. முதலில் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

பாட்டி கோபப்படவில்லை, அழவும் இல்லை. சீட்டுகளை அடுக்கிக்கொண்டே என் பக்கம் திரும்பி, “அப்ப இதெல்லாம் கிழிச்சிரலாமா சாமி?” என்று கேட்டார். நிஜமாகவே விவரம் கேட்டார். இனி தேவையில்லை என்றால் எதற்குச் சுமப்பானேன் என்ற மாதிரி.

அந்தப் பேரன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், மூன்று வருஷமாகத் தகவல் இல்லை என்று வி.ஏ.ஓ. எழுதிக் கொடுத்திருந்தார். அந்த அறிக்கை இருந்த கோப்பு என் ஆபீஸில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கும்போது அது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான்.

கூட்டம் முடிந்ததும் ஒரு பகுதிநேர நிருபர், தான் வீடியோ எடுத்திருப்பதாகச் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்து ஓரமாக அழைத்துப் போனேன். “சின்ன வயசு சார், வந்து நாலு மாசம்தான் ஆவுது, ஏதோ விளையாட்டா சொல்லிட்டாரு, விட்டுருங்க” என்றேன். நல்ல மனுஷன், விட்டுவிட்டார்.

சாயங்காலம் ஜீப்பில் போகும்போது சப்-கலெக்டரே கேட்டார்: “இன்னிக்கு நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?” மனசுக்குள் உறுத்தியிருக்கிறது, பாருங்கள். நான், “அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், ஜாலியாத்தான சொன்னீங்க” என்றேன். அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. இரண்டு மாதம் கழித்து மாற்றுத்திறனாளிகள் கூட்டம் ஒன்றில் இதைவிட மோசமாக ஒன்று சொன்னார். என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத எனக்கு மனசில்லை. இந்த முறை வீடியோ எடுத்தவருக்கு டீ வாங்கிக் கொடுக்க யாரும் இல்லை. பத்து நாளில் மாறுதல் உத்தரவு வந்தது.

‘வயதைப் பார்த்து விட்டுவிடலாமே’ என்ற கேள்விக்கு என் முதல் பதில் இந்தக் கதைதான். நான் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றவில்லை. தப்பு சின்னதாக இருக்கும்போதே ஜீப்பில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம். ‘சின்ன வயசு’ என்று நான் சொன்னது அவருக்காக மாதிரி தெரிந்தாலும், உண்மையில் என் வசதிக்காகத்தான். நிருபர் எழுதினால் விசாரணை வரும், விசாரணை வந்தால் அந்தக் கோப்பு வெளியே வரும்.

சரி, ஊரறிந்த சம்பவங்களுக்கு வருவோம்.

2021 ஆகஸ்ட் 28. ஹரியானாவில் கர்னால். முதல்வர் மனோகர் லால் கட்டார் கலந்துகொள்ளும் பா.ஜ.க. கூட்டத்தை எதிர்த்து விவசாயிகள் திரண்டிருந்தார்கள். வேளாண் சட்ட எதிர்ப்புப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம். அங்கே சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட்டாக இருந்த 2018-ஆம் ஆண்டு பேட்ச் ஐ.ஏ.எஸ். அதிகாரி போலீஸ்காரர்களை நிறுத்திவைத்துப் பேசியது வீடியோவில் வந்தது. இந்தக் கோட்டைத் தாண்டி எவனும் வரக் கூடாது, வந்தால் மண்டை உடைந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதே நாளில் பஸ்தாரா சுங்கச்சாவடியில் தடியடி நடந்து விவசாயிகள் பலருக்குக் காயம். இவர் நின்ற இடம் வேறு, தடியடி நடந்த இடம் வேறு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் வீடியோ பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. தெரியாமல் என்ன செய்யும்?

அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். சொற்கள் சரியில்லை, ஆனால் கண்டிப்பு காட்ட வேண்டிய நிலைமை என்றார் முதல்வர். இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்று அந்த அதிகாரி தரப்பில் விளக்கம் வந்தது. துணை முதல்வராக இருந்த துஷ்யந்த் சௌதாலா அதை ஏற்கவில்லை. விவசாயியும் வருஷத்தில் 200 நாள் தூங்குவதில்லை, அது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது என்ற பொருளில் பேசினார். அரசியல்வாதியின் பேச்சுதான், இருந்தாலும் குறி தப்பவில்லை. கடைசியில் அதிகாரியை இடம் மாற்றினார்கள். அதிலும் அடங்காமல் விவசாயிகள் கர்னால் மினி செயலகத்தின் முன்னால் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியை வைத்து விசாரணை, அதுவரை அதிகாரிக்கு விடுப்பு என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் எழுந்தார்கள்.

தூக்கமில்லை என்பது பொய்யாக இருக்காது. பந்தோபஸ்து நாட்களில் நானும் மூன்று நாள் சட்டை மாற்றாமல் இருந்திருக்கிறேன். களைப்பு, பயம், மேலேயிருந்து அழுத்தம், அனுபவக் குறைவு எல்லாம் சேர்ந்தால் வாயில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டு நின்றவர்கள் யார்? கையில் லத்தியோடு நின்ற போலீஸ்காரர்கள். மாஜிஸ்திரேட் சொன்னால் அது அவர்களுக்கு உத்தரவு. இருபத்தெட்டு வயதுப் பையன் டீக்கடையில் ‘மண்டையை உடைக்கணும்டா’ என்றால் அது வெறும் பேச்சு. அதே பையன் அரசாங்க ஜீப்பிலிருந்து இறங்கிச் சொன்னால் அது நடந்தும் விடலாம். ஆளுக்குத்தான் வயது உண்டு. நாற்காலிக்கு ஏது வயது? அது பிரிட்டிஷ்காரன் போட்ட நாற்காலி.

இன்னொன்று. இந்த மாதிரிப் பேச்சுக்கு இளமைதான் காரணம் என்றே நான் நம்பவில்லை. 2022 செப்டம்பரில் பாட்னாவில் பள்ளி மாணவிகளுக்கு ஒரு பயிலரங்கம் நடந்தது. பெண் குழந்தைகளுக்கு அதிகாரம் கொடுப்பது பற்றித்தான். ஒரு மாணவி எழுந்து, அரசாங்கம் எத்தனையோ கொடுக்கிறதே, 20, 30 ரூபாய்க்கு சானிட்டரி நாப்கின் கொடுக்கக் கூடாதா என்று கேட்டார். மேடையில் இருந்த மூத்த பெண் அதிகாரியின் பதில்: நாளைக்கு ஜீன்ஸ் கேட்பீர்கள், அப்புறம் அழகான ஷூ கேட்பீர்கள், கடைசியில் ஆணுறையும் அரசாங்கமே தரணும் என்பீர்கள். ஓட்டுப் போட்டுத்தானே அரசாங்கம் வந்தது என்று அந்தப் பெண்கள் சொன்னதற்கு, அப்படியென்றால் போடாதீர்கள், பாகிஸ்தான் ஆகிவிடுங்கள் என்றும் சொன்னார். தேசிய மகளிர் ஆணையம் விளக்கம் கேட்டது, அவரும் வருத்தம் தெரிவித்தார். அவர் 1992 பேட்ச். முப்பது வருஷ சர்வீஸ். அங்கே வயது சின்னதாக இருந்தது கேள்வி கேட்ட பெண்ணுக்குத்தான், அந்தப் பெண் பேசியதில் தப்பே இல்லை.

2016-இல் புலந்த்சாகர் பாலியல் வன்கொடுமை வழக்கை அரசியல் சதி என்று பேசிய உத்தரப் பிரதேச அமைச்சர் ஆசம் கானும் அறுபதைத் தாண்டியவர். அந்தப் பேச்சிலிருந்து கிளம்பிய வழக்கு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வரை போனது. அமைச்சர் பேசியதை அரசாங்கம் பேசியதாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 2023 ஜனவரி 3 அன்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. நீதிபதி நாகரத்னா மட்டும் அதில் பிரிந்து நின்றார். அமைச்சர் என்ற முறையில் பேசினால், அது அரசின் கருத்தையும் காட்டுமானால், அரசாங்கத்தைப் பொறுப்பாக்கலாம் என்பது அவர் எழுதியது. சட்டம் பெரும்பான்மை பக்கம் இருக்கட்டும். என் அனுபவம் நாகரத்னா பக்கம். சாமியானாவில் உட்கார்ந்திருந்த பாட்டிக்கு சப்-கலெக்டர் வேறு, கவர்மெண்ட் வேறு இல்லை.

வயது காரணமில்லை என்றால் எதுதான் காரணம் என்று கேட்பீர்கள். சிரிப்புதான் என்பேன். இருபத்தாறு வயதில் ஒருவர் மாவட்டத்துக்கு வருகிறார். அவர் எழுந்தால் ஐம்பத்தைந்து வயது ஹெட் கிளார்க் எழுகிறார். அவர் ஜோக் அடித்தால், நன்றாக இல்லாவிட்டாலும், நாலு தாசில்தார் சிரிக்கிறோம். டபேதார் கதவைத் திறக்கிறார். ‘அய்யா சொன்னது கரெக்ட்’ என்பதைத் தவிர எந்த வாக்கியமும் அவர் காதில் விழுவதில்லை. ஆறு மாதம் இப்படி வளர்த்தால் எந்த நல்ல பிள்ளைக்கும் வாய் நீளும். முசோரி ஐ.ஏ.எஸ். பயிற்சி அகாடமியில் கற்றுக்கொடுப்பதை நாங்கள் ஆறே மாதத்தில் அழித்துவிடுவோம். இதில் எங்களுக்கு நல்ல தேர்ச்சி உண்டு.

ஆனால் உண்மையான அனுபவக் குறைவு என்று ஒன்று இருக்கிறது. அதை மக்கள் மன்னித்துவிடுகிறார்கள், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வட மாநிலத்திலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரி, தமிழை டிரைவரிடமும் வீட்டு வேலைக்கு வந்த அம்மாவிடமும் கற்றுக்கொண்டவர். விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் நின்றுகொண்டே பேசுவதைப் பார்த்துவிட்டு, மைக்கில் அன்பாக, “நீ உக்காரு. நின்னு நின்னு உனக்கு கால் வலிக்கும்” என்றார். எனக்குக் கை கால் உதறியது. கூட்டம் ஒரு நிமிஷம் திகைத்து, அப்புறம் கைதட்டிச் சிரித்தது. அந்தப் பெரியவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, “சரி தாயி, நீ சொன்னா சரி” என்று உட்கார்ந்தார். இலக்கணப்படி பார்த்தால் அது பாட்டியிடம் ‘நீங்க’ போட்டுப் பேசிய சப்-கலெக்டரின் பேச்சைவிட மரியாதைக் குறைவு. ஆனால் யாருக்கும் வலிக்கவில்லை. அந்தக் குரலில் இளக்காரம் இல்லை. இளமைக்கும் இளக்காரத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஜனங்களுக்கு ஒரு நொடி போதும்.

2024 ஜனவரி தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் ஷாஜாபூரில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய குற்றவியல் சட்டத்தில், விபத்து ஏற்படுத்திவிட்டு ஓடினால் பத்து வருஷம் வரை சிறை என்ற பிரிவை எதிர்த்து லாரி டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்த சமயம். பேச்சுவார்த்தைக்கு அழைத்த கலெக்டர், சற்றுக் காட்டமாகப் பேசிய டிரைவர் ஒருவரைப் பார்த்து, என்ன செய்துவிடுவாய், உன் ‘ஔகாத்’ என்ன என்று கேட்டார். அதை எப்படித் தமிழில் சொல்வது? ‘உன் யோக்கியதை என்ன’ என்பது கிட்டத்தட்ட வரும். நம்மூரில் ‘உன் லெவல் என்ன’ என்பார்களே, அதேதான். அந்த டிரைவர் உடனே, அதுதானே சார் சண்டையே, எங்களுக்கு ஔகாத்தே இல்லை என்பதுதான் சண்டை என்றார். அதுவும் பணிவாகவே சொன்னார். கலெக்டர் வருத்தம் தெரிவித்தும் மறுநாளே முதல்வர் மோகன் யாதவ் அவரை அந்தப் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மோகன் யாதவ் நடவடிக்கை எடுக்கலாம், எடுக்காமல் இருக்கலாம். அது நிர்வாகம். ஆனால் ‘போகட்டும் விடுங்க’ என்று மன்னிக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. அது அந்த டிரைவருக்குத்தான் உண்டு. பேச்சு வாங்கியது அவர். பாட்னாவில் அந்த மாணவிக்கு, கர்னாலில் அந்த விவசாயிகளுக்கு. இந்த விஷயத்தில் நாம் எல்லோரும் செய்யும் கோளாறு இதுதான். அடி வாங்காதவர்கள் உட்கார்ந்து, அடித்தவனுக்கு வயது குறைவு என்று தீர்ப்பு எழுதுகிறோம். நிருபரிடம் நான் செய்ததும் அதே. அந்தப் பாட்டியிடம் யாரும் கேட்கவில்லை.

இளமையைக் கணக்கில் எடுக்கவே கூடாதா என்றால், எடுக்க வேண்டிய இடமும் உண்டு. 2013-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இளைஞர்களுக்கான போலீஸ் ஆணையர் என்று புதிதாக ஒரு பொறுப்பை உண்டாக்கி, 17 வயதுப் பெண்ணை 15,000 பவுண்டு சம்பளத்தில் போட்டார்கள். ஒரு வாரத்துக்குள் பத்திரிகைக்காரர்கள் அவருடைய பழைய ட்விட்டர் பதிவுகளைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். இன வெறுப்பும், தன்பாலினத்தவரைக் கேவலப்படுத்தும் சொற்களும், போதையைப் பற்றிய பெருமையும் அதில் இருந்தன. எல்லாம் 14-லிருந்து 16 வயதுக்குள் எழுதியவை. அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுப் பொறுப்பிலிருந்து விலகினார். போலீசும் விசாரித்துவிட்டு நடவடிக்கை தேவையில்லை என்று விட்டுவிட்டது. அங்கே இளமை நியாயமான சமாதானம் என்பேன். எழுதும்போது அவர் குழந்தை, எந்த நாற்காலியிலும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளை போனில் உளறியதை எடுத்து வைத்துக்கொண்டு அதிகாரியை அளப்பது அநியாயம். இதே நியாயத்தை நம்மூர்த் தேர்வில் ஜெயித்து வரும் பிள்ளைகளின் பழைய பதிவுகளுக்கும் கொடுக்க வேண்டும்.

அதே வாதத்தை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கூத்து நடந்தது. 2025 பிப்ரவரி. அரசுச் செலவைக் குறைக்கவென்று எலான் மஸ்க் நடத்திய ‘டோஜ்’ அமைப்பில் 25 வயது இளைஞர் ஒருவர். கருவூலத்தின் பணப் பட்டுவாடா அமைப்புக்குள் நுழைய அவருக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். பெயர் போடாத கணக்கிலிருந்து அவர் சில மாதங்களுக்கு முன்பு எழுதியவற்றை ஒரு பத்திரிகை வெளியிட்டது. இந்தியர்கள் மீதான வெறுப்பைச் சகஜமாக்குங்கள் என்பதும் அதில் ஒன்று. ராஜினாமா செய்தார். உடனே துணை அதிபர் ஜே.டி. வான்ஸ், முட்டாள்தனமான சமூக ஊடகப் பதிவுக்காக ஒரு சின்னப் பையன் வாழ்க்கை பாழாகக் கூடாது என்று சொல்ல, வேலை திரும்பக் கிடைத்தது. வான்ஸின் மனைவி உஷா ஆந்திராவிலிருந்து போன குடும்பத்தில் பிறந்தவர். அதை விடுங்கள். ஒரு நாட்டின் கஜானாவுக்குள் போகும்போது பெரிய ஆள், எழுதியது வெளியே வந்ததும் சின்னப் பையன். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

நம்மிடமும் இந்த ‘சின்னப் பையன்’ சலுகை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. குரூப் 4 எழுதி 21 வயதில் வி.ஏ.ஓ. ஆகலாம். இளநிலை உதவியாளர் என்றால் 18 வயதே போதும். நான் பார்த்த ஒரு வி.ஏ.ஓ. பையன், இருபத்து மூன்று வயது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மேலதிகாரியைக் கிண்டல் செய்து ஏதோ போட்டான். இரவு பத்து மணிக்குப் போட்டான், பதினொன்றுக்கு எடுத்தும் விட்டான். காலையில் அவனுக்கு 17பி குறிப்பாணை தயாராகிவிட்டது. துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும், அது பெரிய தண்டனைக்கான நடவடிக்கை, பதவி உயர்வு, ஊதிய உயர்வு எல்லாவற்றிலும் போய் நிற்கும். அந்த அறையில் ஒருவர்கூட ‘சின்ன வயசு, விட்டுருங்க’ என்று சொல்லவில்லை. நானும்தான். அவனைவிட நாலு வயது மூத்த அதிகாரிக்காக நிருபரிடம் கெஞ்சிய அதே நான். இளரத்தம் என்பது ஐ.ஏ.எஸ். தேர்வில் ஜெயித்தவர்களுக்கு மட்டும் ஓடும் ரத்தம் போல.

வயதுக்கான சலுகையை அரசாங்கம் ஏற்கெனவே கொடுத்துவிட்டது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு வருஷத் தகுதிகாண் பருவம் எதற்கு? மாவட்டத்தில் உதவி ஆட்சியர் (பயிற்சி) என்று போட்டு, கிராமக் கணக்கு முதல் ஜமாபந்தி வரை சுற்றவிடுவது எதற்கு? தப்பு செய்து கற்றுக்கொள்ளும் காலம் அது. அது முடிந்து தனிப் பொறுப்பு கொடுத்தால், இனி இவர் கையெழுத்து செல்லும், இவர் வார்த்தையும் செல்லும் என்று அர்த்தம். அகில இந்தியப் பணிகளின் 1968 நடத்தை விதிகளில் பொதுமக்களிடம் மரியாதையோடும் நன்னடத்தையோடும் நடந்துகொள்ள வேண்டும், குறிப்பாக நலிந்தவர்களிடம் அக்கறை காட்ட வேண்டும் என்று 2014-இல் தனியாகச் சேர்த்தார்கள். முப்பது வயதுக்குள் இருந்தால் பாதி மரியாதை போதும் என்று அதில் எங்கும் தள்ளுபடி இல்லை.

விளைவிலும் தள்ளுபடி கிடைக்காது. 2024 ஜனவரியில் மோடி லட்சத்தீவு போய்வந்த படங்களைப் பார்த்துவிட்டு மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூன்று பேர் அவரையும் இந்தியர்களையும் கேவலமாக எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால் மூன்று பேரும் இளைஞர் நலத்தையும் தகவலையும் கவனிக்கும் அமைச்சகம். அது அவர்களுடைய சொந்தக் கருத்து என்று மாலத்தீவு அரசு சொன்னது, மூன்று பேரையும் இடைநீக்கமும் செய்தது. ஆனால் 2023-இல் 2 லட்சத்துக்கு மேல் போய் மாலத்தீவுக்கு அதிகம் வந்த நாட்டவராக இருந்த இந்தியர்கள், 2024-இல் சுமார் 1.3 லட்சமாகக் குறைந்தார்கள். பதிவு போட்டது மூன்று பேர், வருமானம் போனது படகு ஓட்டியவருக்கும் தங்கும்விடுதியில் பாத்திரம் கழுவியவருக்கும்.

அவசரமாக இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் இளைஞர்களின் வாயைக் கட்டச் சொல்வதாகிவிடும். 1949 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையில் பட்டேல் இந்தப் பணிகளுக்காக வாதாடியபோது, மனதில் பட்டதைச் சுதந்திரமாகச் சொல்லக்கூடிய அதிகாரிகள் இல்லாமல் ஒன்றுபட்ட இந்தியா இருக்காது என்றார். 2018-இல் காஷ்மீரைச் சேர்ந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷா ஃபைசல், நாட்டில் நடக்கும் பாலியல் வன்கொடுமைகளைப் பற்றிக் காட்டமாக ட்வீட் போட்டதற்கு ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் வந்தது. அவரும் அதைப் ‘பாஸிடமிருந்து காதல் கடிதம்’ என்று கேலியாக வெளியிட்டார். அந்த ட்வீட் பிடிக்கிறதோ இல்லையோ, அது வலியவனைப் பார்த்துச் சொன்னது. பாட்டியைப் பார்த்துச் சொன்னதையும் அதையும் ‘வாய்த்துடுக்கு’ என்று ஒரே மூட்டையில் கட்டுவது தப்பு. ‘சின்னப் பையன், விவரமில்லாமல் பேசிட்டான்’ என்ற வார்த்தை இதற்கும் பயன்படுகிறது, பாருங்கள். எளியவனை அவமானப்படுத்தியவனைத் தப்ப வைக்கவும் அதே வார்த்தை, மேலே கேள்வி கேட்டவனைக் குழந்தையாக்கி ஓரம் கட்டவும் அதே வார்த்தை.

அப்படியானால் என்ன செய்யலாம்? தண்டனையில் வயதைப் பாருங்கள், நான் மறுக்கவில்லை. முதல் தடவை, அனுபவம் குறைவு என்றால் பதவியைப் பறிக்க வேண்டாம், சர்வீஸ் ரெக்கார்டில் ஏற்ற வேண்டாம். ஆனால் பேசியது தப்பு என்று அதே நாளில், முடிந்தால் அதே மைக்கில் சொல்ல வைக்க வேண்டும். ‘யார் மனதாவது புண்பட்டிருந்தால்’ என்று ஆரம்பிக்கும் அறிக்கையெல்லாம் கணக்கில் வராது. புண்பட்ட ஆள் எதிரில் நிற்கிறார், அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இதை மேலதிகாரி செய்ய வைக்கலாம். கீழே இருப்பவனும் ஜீப்பில், தனியாக, மரியாதையாக, ‘சார், அது நல்லா இல்ல’ என்று சொல்லலாம். எனக்கு அந்தச் சந்தர்ப்பம் கிடைத்தது. தவற விட்டேன்.

மாறிப் போன சப்-கலெக்டர் பல வருஷம் கழித்து ஒரு திருமணத்தில் என்னைப் பார்த்தார். காதோரம் நரைத்திருந்தது. அந்தத் தாலுகாவைப் பற்றிப் பேச்சு வந்தபோது, “அன்னிக்கு ஜீப்ல நான் கேட்டேன், ஞாபகம் இருக்கா?” என்றார். இருக்கிறது என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பந்திக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டோம்.

பாட்டிக்கு உதவித்தொகை அவர் மாறிப் போன மறுமாதம் உத்தரவானது. உத்தரவு வாங்க வந்தவரை என் அறைக்கே வரச் சொல்லி உட்கார வைத்தேன். அதே மஞ்சப்பை. உள்ளே ஏழு சீட்டுகளும் பத்திரமாக இருந்தன. உத்தரவை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “அன்னிக்கி நடுவுல உக்காந்திருந்துச்சே ஒரு புள்ள, அது எங்க?” என்று கேட்டார்.

“மாத்திட்டாங்க பாட்டி.”

“ஐயய்யோ, எதுக்கு?”

நான் காரணத்தைச் சொல்லவில்லை. சீட்டுகளோடு உத்தரவையும் சேர்த்து ஊக்கைக் குத்திக்கொண்டே, “பாவம், சின்னப் புள்ள” என்றார்.